முடங்கியதா, முடக்கியதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வட மாசிடோனியா 2005-லிருந்து காத்திருப்பதாகச் செய்தியில் படித்தேன். ஊழல் அதிகம், சீர்திருத்தம் போதவில்லை என்றே எழுதியிருந்தார்கள். அப்படியானால் தாமதத்துக்கு அவர்கள்தானே பொறுப்பு?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்ததில் பொய் இல்லை. அங்கே ஊழல் உண்டு, நீதிமன்றங்கள் மீது மக்களுக்கு நம்பிக்கையும் குறைவு. ஆனால் அது பாதிக் கதை. விட்டுப்போன பாதிதான் என்னை உறுத்துகிறது.

சேர்க்கைப் பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2009-லேயே பரிந்துரைத்துவிட்டது. தன் நாட்டிலும் அதே பெயரில் ஒரு பகுதி இருப்பதால், 'மாசிடோனியா' என்ற பெயர் கூடாது என்று கிரீஸ் தடுத்தது. அப்புறம் அந்த நாடு என்னவெல்லாம் செய்தது பாருங்கள். தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்துக்கு, கிரீஸ் தன்னுடையவராகக் கருதும் 'மகா அலெக்சாண்டர்' பெயர் இருந்தது. 2018-இல் ஆட்கள் ஏறி, முகப்பிலிருந்த அந்த எழுத்துகளைக் கழற்றி இறக்கினார்கள். அதே ஆண்டு பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரீஸுடன் ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயரே 'வட மாசிடோனியா' என்று மாறியது. பெயரை மாற்றிக்கொள்வது ஒரு மனிதருக்கே எளிதில்லை. இங்கே ஒரு நாடே மாற்றிக்கொண்டது.

சரி, கதவு திறந்ததா? அந்த அக்டோபரிலேயே, புதியவர்களைச் சேர்க்கும் முறையை முதலில் திருத்த வேண்டும் என்று பிரான்ஸ் தடுத்தது. 2020-இல் மாசிடோனியரின் மொழி, வரலாறு பற்றிய தகராறைக் காட்டி பல்கேரியா தடுத்தது. 2022-இல் பேச்சுவார்த்தை பெயரளவில் தொடங்கியது. ஆனால் வட மாசிடோனியாவில் வாழும் பல்கேரியர்களை அதன் அரசியல் சாசனத்தில் குறிப்பிட்டால்தான் மேலே நகரும். 2021 கணக்கெடுப்பின்படி அவர்கள் சுமார் 3,500 பேர். அந்தத் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது கிடைக்கவில்லை. இதில் வட மாசிடோனியாவின் பங்கும் உண்டுதான்.

ஒன்றியத்தில் எந்த உறுப்பு நாடும் தனியாக நின்று தடுக்க முடியும். இந்த ஒரு வரி செய்தியில் இல்லாவிட்டால், பாஸ் ஆகாத மாணவன் மாதிரித்தான் அந்த நாடு தெரியும். 'பேச்சுவார்த்தை முடங்கியது' என்று எழுதுகிறோம். யார் முடக்கியது? ஒரே ஒரு மெய்யெழுத்து மாறுகிறது. தடுத்தவர் பெயரைச் சொல்லும் கட்டாயமும் வந்துவிடுகிறது. தமிழ்ச் செய்தி மேசையில் இருப்பவர்கள் அந்த எழுத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சேர்க்கைப் பாதையில் இந்த நாட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த அல்பேனியா 2024-இல் பிரிக்கப்பட்டதும் வேகமாக முன்னே போய்விட்டது. வட மாசிடோனியா நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் நாம் எழுதும் சொல் 'பின்தங்கியது'.

அன்புடன்,
ஆசிரியர்