ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் கை வீங்குகிறது. லிம்பெடீமா என்றால் என்ன, இதுவும் யானைக்கால் நோயும் ஒன்றா?

உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியிருக்கிறது. டாக்டர் லிம்பெடீமா என்றார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "இது யானைக்கால் மாதிரி, தொட்டா ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எது உண்மை, ஏன் வந்தது, இனி என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அத்தைக்கு இதே கை வீக்கம். என் பெரியப்பாவுக்கு வலது காலில் யானைக்கால். இரண்டு பேரையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயம் எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். அம்மாவின் கை வீக்கம் யாருக்கும் ஒட்டாது. தட்டு, துண்டு, படுக்கை எதையும் பிரித்து வைக்க வேண்டாம், பேரப்பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தவும் வேண்டாம். யானைக்கால் நோய்கூடத் தொட்டால் ஒட்டுவது இல்லை, கொசு வழியாகத்தான் பரவும். ஆனால் சொந்தக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி: இரண்டிலும் கெட்டுப்போவது ஒரே இடம்தான், நிணநீர்ப் பாதை.

டெல்டா பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலுக்குத் தண்ணீர் வர வாய்க்கால் இருக்கும், மிஞ்சியது வெளியேற வடிகால் இருக்கும். ரத்தக்குழாய்தான் வாய்க்கால். நுண்ணிய ரத்தக்குழாய்களில் இருந்து நீரும் கொஞ்சம் புரதமும் கசிந்துகொண்டே இருக்கும், அதுதான் திசுக்களுக்குச் சாப்பாடு. மிஞ்சுவதை நிணநீர்க் குழாய்கள் வாங்கி, அக்குள், தொடை இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வழியாக வடிகட்டி, கடைசியில் கழுத்துக்குக் கீழே பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்போமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. இந்த வடிகால் எங்கே அடைபட்டாலும், அறுபட்டாலும், பிறவியிலேயே சரியாக அமையாமல் போனாலும் அந்தப் பகுதியில் நீர் தேங்கும். அதுதான் லிம்பெடீமா, தமிழில் நிணநீர் வீக்கம்.

தேங்குவது வெறும் நீர் மட்டும் என்றால் பிரச்சினை சின்னது. புரதமும் சேர்ந்து தேங்குவதால் நாளாக ஆகத் தோலுக்கு அடியில் நார்த்திசுவும் கொழுப்பும் படியும், தோல் தடித்துக் கெட்டியாகும். இதனால்தான் நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் இதில் பெரிதாக உதவுவதில்லை. அவை நீரைக் குறைக்கும், புரதம் அங்கேயே இருக்கும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அந்த மாத்திரை தேவைப்படுகிறவர்கள் அதை நிறுத்திவிடக் கூடாது, அது வேறு கணக்கு.

அம்மாவுக்கு ஏன் வந்தது? மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடம் பெரும்பாலும் அக்குள் முடிச்சுகள். அதனால் ஆபரேஷனில் அவற்றையும் எடுக்கிறார்கள். அந்தக் கையின் வடிகால் அந்த வழியாகத்தான் போகிறது. அதற்கு மேல் கதிர்வீச்சும் கொடுத்தால், மிச்சமிருக்கும் குழாய்களும் தழும்பாகிச் சுருங்கும். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சாயம் செலுத்தி, முதலில் சாயம் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கும் முறையில் இது இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் தலைகாட்டும், சிலருக்குப் பல வருடம் கழித்தும் வரும். உடல் எடை அதிகமாக இருப்பதும், அந்தக் கையில் கிருமித்தொற்று வருவதும் வாய்ப்பைக் கூட்டும். அம்மா ஏதோ வேலை செய்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிரைக் காப்பாற்றிய சிகிச்சையின் பக்கவிளைவு இது.

அறிகுறிகள் எப்போதும் வீக்கத்தில் தொடங்குவதில்லை. அத்தைக்கு முதலில் வந்தது கனம், "கையில ஈரத்துணி சுத்தின மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் ரவிக்கை ஒரு கையில் மட்டும் பிடித்தது. தையல்காரர் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார், இரண்டு மாதம் ஓடியது. மோதிரம் கழறவில்லை, வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லை. இந்தக் கட்டத்தில் விரலால் அமுக்கினால் குழி விழும், இரவு கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வற்றியிருக்கும். அடுத்த கட்டத்தில் உயர்த்தி வைத்தாலும் வற்றாது. தோல் இறுகும், குழி விழுவது குறையும். "குழி விழலையே, சரியாகுது போல" என்று பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். கடைசிக் கட்டத்தில் தோல் மடிப்பு மடிப்பாகி, மருக்கள் மாதிரி முளைத்து, நிணநீர் கசியும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: தையல் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடத்தில், உதாரணமாக மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலேயும் கீழேயும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கால் வீக்கத்துக்கு இன்னொன்று உண்டு: பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாகத் தூக்க முடியவில்லை என்றால் அது லிம்பெடீமாவாக இருக்க நிறைய வாய்ப்பு.

இப்போது யானைக்கால். உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற நூல் போன்ற புழு, சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு வழியாக உடம்புக்குள் வருகிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே ஆறு முதல் எட்டு வருடம் வாழ்ந்து குழாயை விரித்துக் கெடுக்கின்றன. அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும், அதனால்தான் சுகாதாரத் துறையினர் இரவில் வீடு வீடாக வந்து ரத்தம் எடுப்பார்கள். தொற்று பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும், கால் வீங்குவது பல வருடம் கழித்து. ஆண்களுக்கு விதைப்பை வீக்கமாகவும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2000-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது, இந்தியா 2004 முதல் நாடு தழுவிய அளவில் ஊர் ஊராக மாத்திரை கொடுத்தது. 2016-இல் இலங்கை இந்த நோயைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அங்கீகாரம் பெற்றது. மாத்திரை புழுவைக் கட்டுப்படுத்தி அடுத்தவருக்குப் பரவுவதை நிறுத்தும், ஏற்கெனவே வீங்கிய காலை அது வற்ற வைக்காது.

பெரியப்பாவின் காலைப் பெரிதாக்கியது புழு மட்டும் இல்லை. நான் இந்தப் பதிலை எழுதுவதே இதைச் சொல்லத்தான். அவர் நடவு நேரத்தில் சேற்றில் நிற்பார், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சில நாளில் உடம்பு தூக்கிப் போடும் குளிர்க்காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி, கால் முழுக்கச் சிவந்து கொதிக்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும், ஆனால் கால் பழைய அளவுக்குத் திரும்பாது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு சுற்றுப் பெருத்தது. வீட்டில் எல்லோரும் அதைப் புழுவின் வேலை என்றுதான் நினைத்தோம். உண்மையில் அது தோல் வழியாக உள்ளே நுழைந்த பாக்டீரியாவின் வேலை. தேங்கிய நிணநீரில் கிருமி சீக்கிரம் பெருகும், ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாயையும் கெடுக்கும், அதனால் அடுத்த தொற்று இன்னும் சுலபமாக வரும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா டிரேயர் என்ற டாக்டர் யானைக்கால் நோயாளிகளிடம் வேலை செய்து இதைத்தான் வலியுறுத்தினார்: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துக் காயவைத்தால் இந்தக் காய்ச்சல்கள் குறையும், வீக்கம் மேலே போவதும் மட்டுப்படும். பெரியப்பாவுக்குப் பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு கொடுத்து, கழுவும் விதத்தையும் ஒரு செவிலியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். சாதாரணத் தண்ணீர், அழுத்தித் தேய்க்கக் கூடாது, மடிப்புகளை விரித்துக் கழுவ வேண்டும், சோப்பு நுரை ஒரு துளி தங்கக் கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து விரல் விரலாக நுழைத்து ஒற்றி எடுப்போம். விரலிடுக்கு வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சைக் களிம்பு. கால் சின்னதாகிவிடவில்லை. காய்ச்சல் வருவது அபூர்வமாகிவிட்டது, துர்நாற்றம் போனது, கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

இது கைக்கும் அப்படியே பொருந்தும். காய்கறி நறுக்கும்போது கீறல், சூடு பட்ட கொப்புளம், நகத்தோரம் பிய்ந்த தோல், பூனைக் கீறல், அக்குளில் சவரம் செய்யும்போது வெட்டு, எதையும் சின்னது என்று விடாதீர்கள். உடனே கழுவி மருந்து போடுங்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் செடிவேலையிலும் கையுறை. தோல் வறண்டு வெடிக்காமல் தினமும் தேங்காய் எண்ணெயோ மணமில்லாத மாய்ஸ்சரைசரோ போடலாம். கை திடீரென்று சிவந்து, கொதித்து, குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, ஆன்டிபயாடிக் தேவைப்படும். அந்தச் சமயத்தில் மசாஜும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

வேறு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீங்கியதெல்லாம் லிம்பெடீமா ஆகிவிடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் காலில் வரலாம். பிறவிக் குறையால் வருவதும் உண்டு, வயதுக்கு வரும் பருவத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கால் வீங்கினால் யானைக்கால் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். இரண்டு காலும் சமமாக வீங்கினால் இருதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தக்கொதிப்புக்கான ஆம்லோடிபின் மாத்திரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு காலோ கையோ ஓரிரு நாளில் வலியோடு வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அது அவசரம். புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்களுக்கு வீக்கம் புதிதாக வந்தாலோ திடீரென்று கூடினாலோ, நோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

முற்றிலும் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுந்த வடிகாலைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கும் நுண் ஆபரேஷன் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள், எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் கட்டுக்குள் வைக்கலாம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தோலை மட்டும் மெதுவாக நகர்த்தி நீவுவார், பிறகு அதிகம் இழுபடாத பட்டைகளை அடுக்கடுக்காகச் சுற்றுவார். சில வாரத்தில் வீக்கம் குறைந்ததும் அளவெடுத்த அழுத்த ஸ்லீவ். அதைப் பகலில் போட்டு ராத்திரி கழற்றலாம், ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களாகச் சுற்றாதீர்கள். மணிக்கட்டில் இறுகி, மேலே தளர்ந்தால் விரல்கள்தான் வீங்கும். எண்ணெய் போட்டு அழுத்திப் பிசைவதும், வெந்நீர் ஒத்தடமும், பற்றும் வேண்டாம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி இன்னும் நீரைக் கசிய வைக்கும்.

கையை அசைக்காமல் மடியில் வைத்திருக்கச் சொல்கிறவர்கள் நிறைய. தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய பெண்கள் சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகப் பளு தூக்கியும் வீக்கம் கூடவில்லை என்று 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. அத்தை இப்போது ஸ்லீவ் போட்டுக்கொண்டு மாவு பிசைகிறார், துணி காயப்போடுகிறார், நடுவில் ஓய்வு எடுத்துக்கொள்கிறார். ஊசியும் ரத்த அழுத்தப் பட்டையும் முடிந்தவரை அடுத்த கையில் போடச் சொல்லுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் போட்டுவிட்டால் பதற வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் டேப் அளவு எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். எத்தனை முடிச்சு எடுத்தார்கள், ஸ்கேன் தேவையா, லிம்பெடீமாவுக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேளுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் காய்ச்சலும் சிவப்பும் வந்தால் எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்பதையும், அம்மாவுக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்பதையும் டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.