கடிதத்தை மடித்து வைத்த அப்பா: இதயப் பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

என் அப்பாவுக்கு 58 வயது. சிகரெட் பழக்கம் உண்டு. வழக்கமாகப் போகும் கிளினிக்கிலிருந்து இதய நலப் பரிசோதனைக்கு வரச் சொல்லி இரண்டு முறை கடிதம் வந்துவிட்டது. இரண்டையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு?" என்கிறார். நானும் அம்மாவும் கெஞ்சியும் பார்த்தாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. என்ன செய்வது டாக்டர்?

கடிதத்தை மடித்து வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். வேண்டவே வேண்டாம் என்று நினைப்பவர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார். உங்கள் அப்பாவுக்கு உள்ளே ஒரு பயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கூடவே அங்கே போனால் சிகரெட்டைப் பற்றிக் கேட்டு நாலு பேர் முன்னால் திட்டுவார்களோ என்ற கூச்சமும் இருக்கலாம்.

இப்படிப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2009 முதல், ஏற்கெனவே இதய நோய் இல்லாத 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லை, வீடு தேடிக் கடிதம் வருகிறது, அப்படியும் அழைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் போகிறார்கள். போகாதவர்கள் யார் என்று பார்த்தால் ஆண்கள், வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், வசதி குறைந்தவர்கள்தான் அதிகம். அதாவது யாருக்கு இந்தப் பரிசோதனை மிகவும் தேவையோ அவர்களே வராமல் போகிறார்கள், இது எனக்கு இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

ஏன் வரவில்லை என்று கேட்டால் சொல்லும் பதில்களில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை, கிளினிக்குக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை, அந்தக் கடிதம் எதற்கு வந்தது என்றே புரியவில்லை, உடம்புக்கு ஏதாவது வந்தால்தானே டாக்டர், அப்புறம் கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போய் எதையாவது கண்டுபிடித்துவிட்டால்?"

அதனால் இனிமேல் "போங்கப்பா" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நாளையும் நேரத்தையும் நீங்களே கிளினிக்கில் கேட்டு முடிவு செய்து, அவர் மடித்து வைத்திருக்கும் அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இங்கிலாந்தின் ஒரு பகுதியில் இதையே சோதித்துப் பார்த்தார்கள்: நீளமான கடிதத்தைச் சுருக்கி, நாளும் நேரமும் எழுதிக்கொள்ள அடியில் கிழித்தெடுக்கும் ஒரு துண்டுச் சீட்டைச் சேர்த்தபோது, நூற்றுக்கு 29 பேர் வந்த இடத்தில் 33 பேர் வந்தார்கள். நான்கு பேர் கூடுதல், அதுவும் ஒரு காகிதத் துண்டினால்.

"எனக்கும் பிரஷர் பார்க்கணும், சேர்ந்தே போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் அது நல்லதுதான். முன்கூட்டியே கிளினிக்கில் பேசி, பேச்சைச் சிகரெட்டில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதற்கு மட்டும் ஒரு பதிலைக் கையில் வைத்திருங்கள்: ரத்த அழுத்தம் வலிக்காது, கொலஸ்ட்ரால் வலிக்காது, பல பேருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான். நன்றாக இருக்கும்போது பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது.

போன மாதம் ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்றார்கள். அப்புறம் தனியாக இதயப் பரிசோதனை எதற்கு?

ஈசிஜி அந்த நிமிடத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும். இன்னும் ஐந்து வருடத்திலோ பத்து வருடத்திலோ என்ன ஆகலாம் என்பதை அது சொல்லாது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்துகொண்டிருக்கும்போதே ஈசிஜி நார்மலாக இருக்கலாம்.

வரப்போவதைக் கணிக்க உதவுபவை வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா என்பது போன்ற சாதாரண விவரங்கள். இந்த அறிவுக்கு அடித்தளம் போட்டதில் பெரிய பங்கு, 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுக்கு உண்டு. அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததால்தான் எந்தெந்த விஷயங்கள் ஒன்றுசேர்ந்து இதயத்தைக் கெடுக்கின்றன என்பது தெளிவானது. இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் இதய நலப் பரிசோதனை. உங்கள் ஈசிஜி தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள், அது வீண் இல்லை.

வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா? அதனாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

கொலஸ்ட்ராலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, 2016-லேயே ஐரோப்பிய நிபுணர் அமைப்புகள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்லலாம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். நேரம் குறிக்கும்போதே எந்தப் பரிசோதனை என்று கேட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். இதயப் பரிசோதனைக்கு ஆட்களை வரவழைப்பது என் பொறுப்பு. அழைத்தால் வருபவர்கள் எல்லாம் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள். வர வேண்டியவர்கள் வருவதில்லை. வந்தாலும் டாக்டருக்கு நேரம் இல்லை. மனம் சோர்ந்து போகிறது.

உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது சகோதரி, இந்த இடத்தில்தான் நாங்களும் பல முறை தோற்றிருக்கிறோம். கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில், அழைப்பு. எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் கடிதம் படிப்பவர்கள்தான் வருவார்கள். போனில் நேரடியாகப் பேசி அழைத்தால் இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள், குறிப்பாக அவர்களுக்குத் தெரிந்த ஒரு குரல் பேசினால். அதைவிட எளிது, வேறு எதற்காகவோ வந்து காத்திருப்பவரை அங்கேயே பிடித்துக்கொள்வது. முழங்கால் வலிக்காக வந்தவர், பேரனுக்குக் காய்ச்சல் என்று கூட்டிக்கொண்டு வந்தவர், இவர்களெல்லாம் அழைப்புக் கடிதத்துக்கு வராதவர்கள், ஆனால் இதோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பிரஷர் பார்த்துவிட்டு, மீதிக்கு ஒரு நாள் குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அவர்கள் வராவிட்டால் நாம் போக வேண்டும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளில் இதைச் செய்தார்கள். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்த 319 பேர் அதில் சேர்ந்தார்கள். சில கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து, மருத்துவர்களுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாத்திரையும் எழுதினார். மற்றக் கடைகளில் முடிவெட்டுபவர், டாக்டரைப் போய்ப் பாருங்கள், பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்தாளுநர் வந்த கடைகளில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 27 புள்ளி குறைந்திருந்தது, மற்றவற்றில் சுமார் 9 புள்ளி. பல வருடமாக நம்பித் தலையைக் கொடுக்கிற மனிதரின் கடையில், கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, மருந்தும் அங்கேயே கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது, நேரம். ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரலில் இதய நலப் பரிசோதனைக்கென்றே மருத்துவர்களுக்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியபோது, குறைந்தது 20 நிமிடம் செலவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த 20 நிமிடமும் டாக்டர் ஒருவரே செய்ய வேண்டும் என்று இருந்தால் எந்தச் சின்ன கிளினிக்கும் தாங்காது. அளவுகள் எடுப்பது, கேள்விகள் கேட்பது, கணக்கில் ஏற்றுவது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற நீங்கள் செய்துவிட்டு, முடிவு எடுக்கும் பேச்சுக்கு மட்டும் டாக்டரை அழையுங்கள். இதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டு, வாரத்தில் ஒரு மாலையை, வேலை முடிந்து வருபவர்களுக்காக ஒதுக்க முடியுமா பாருங்கள். ஆய்வகம் தூரமா? இதய நோய் அபாயத்தைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த அட்டவணைகளில் ரத்தப் பரிசோதனையே இல்லாத ஒரு வகையும் இருக்கிறது, வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு), பிரஷரின் மேல் அளவு இவை போதும். யாரை அவசரமாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அதை வைத்தே பிரித்துவிடலாம்.

பிரஷர் பார்ப்பதில் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது எல்லா இடத்திலும் அவசரமாக நடக்கிறது. படியேறி வந்தவரை உட்கார்ந்த உடனே பார்க்காதீர்கள். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிந்து, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். கை இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும், பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்ற வேண்டாம், பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும், இல்லையென்றால் அளவு கூடுதலாகக் காட்டும். எடுக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேச வைக்காதீர்கள். ஒருமுறை நானே அவசரத்தில் நடைபாதையில் நின்றபடி பார்த்து ஒருவரைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டேன், பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பொது உடல் பரிசோதனைகளால் இறப்பு குறையவில்லை என்று படித்தேன். அப்படியென்றால் இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி, நீங்கள் படித்ததும் சரிதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் இருந்தன. பொதுவாக எல்லோரையும் அழைத்துச் செய்யும் உடல் பரிசோதனைகளால் மொத்த இறப்போ இதய நோய் இறப்போ குறைந்ததாகத் தெரியவில்லை என்றுதான் அது முடிந்தது. இதை மறைத்துவிட்டு உங்களை வாருங்கள் என்று அழைக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளந்து பார்ப்பதால் மட்டும் யாருடைய ரத்தக்குழாயும் மாறாது. பிரஷர் அதிகம் என்று தெரிந்தவருக்கு மேல் அளவு 10 புள்ளி குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் உறுதியாகத் தெரிந்த விஷயம். கொக்ரேன் தொகுத்த ஆய்வுகளில் பல பழையவை, இன்றிருக்கும் மருந்துகள் பரவலாவதற்கு முன் நடந்தவை. அதோடு மேலே நர்ஸ் சகோதரி சொன்ன சிக்கல், வருபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்பது, அங்கேயும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், எண்ணிக்கையைக் காட்டுவதற்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்துவதைவிட, அபாயம் அதிகம் உள்ளவரைத் தேடிப் பிடித்து, பரிசோதனைக்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று அவரோடு கூடவே இருப்பதில் பணத்தையும் ஆட்களையும் போட வேண்டும்.

நான் 52 வயதுப் பெண். பரிசோதனை செய்துகொண்டேன். "உங்கள் ரிஸ்க் 14 சதவீதம்" என்று சொல்லி ஒரு கவரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது நிறையா குறைவா என்றுகூடத் தெரியவில்லை. நான்கு மாதமாகிறது, கவரைத் திரும்பப் பிரிக்கவே இல்லை. இன்னொரு முறை போக மனமில்லை.

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் அனுப்பினால் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

உங்கள் வயதில், உங்களைப் போன்ற அளவுகளோடு நூறு பெண்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் 14 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம், 86 பேருக்கு வராது. பெரும்பாலான கணக்குகளில் இதுதான் பொருள். 52 வயதுக்கு இது கவனிக்க வேண்டிய அளவுதான், பதற வேண்டியது இல்லை. அந்த 14-ல் உங்கள் வயதின் பங்கை யாராலும் மாற்ற முடியாது, ஆனால் பிரஷராலும் கொலஸ்ட்ராலாலும் வந்த பங்கைக் குறைக்க முடியும். எது எவ்வளவு என்பதை, பிரஷர் குறைந்தால் இந்த எண் என்னவாகும் என்று கணினியில் மாற்றிப் போட்டு உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லலாம், இரண்டு நிமிட வேலை.

உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதனால் நான் கேட்கிறேன்: கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதா, சர்க்கரை வந்ததா? மாதவிடாய் சீக்கிரமே, 40 வயதுக்கு முன்பே, நின்றுவிட்டதா? இவை பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன, ஆனால் பல கணக்குகளில் இவற்றுக்கு இடமே இல்லை, நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

அதே இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போங்கள், அதில் தவறே இல்லை. அந்தக் கவரின் முதுகிலேயே இந்தக் கேள்விகளுக்கான பதிலை எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை வேண்டுமா வேண்டாமா, இப்போது தொடங்காவிட்டால் எப்போது திரும்பப் பார்ப்பது என்று கேளுங்கள். அடுத்து வரவேண்டிய தேதியைக் கவரில் குறித்துக்கொண்ட பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.