பெயின்ட் அடித்தும் மாடி ஒழுகுவது ஏன்?

கேள்வி: எங்கள் கான்கிரீட் மொட்டை மாடிக்குப் போன கோடையில்தான் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். அப்படியும் மழை பெய்தால் கூடத்தில் சொட்டுகிறது. மாடியில் போட்ட தகர ஷெட்டும் புயல் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நீங்கள் இரண்டு தொல்லைகளாகச் சொல்வது ஒன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. ஷெட்டின் கால்களைத் தளத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கியிருக்கிறார்களா, பாருங்கள். அப்படியென்றால் என் முதல் சந்தேகம் அங்கேதான். தகரம் ஆடும்போது கால் ஆடும். கால் ஆடினால் போல்ட்டைச் சுற்றியுள்ள பூச்சு விரிசல் விடும். அந்த வழியாக நீர் இறங்கிவிடும்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே இறங்கிய நீர் தளத்தில் பதித்த மின்குழாய் வழியாகச் சில அடி தள்ளிக்கூட வெளிவரும். விளக்கு, மின்விசிறி அருகில் சொட்டினால் அந்த இணைப்பை உடனே அணைத்துவிடுங்கள்.

ஷெட் கால்களுக்கு அடுத்து, கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையைப் பாருங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. அந்த இடைவெளியில் மெல்லிய பெயின்ட் படலம் கிழிந்துபோகும். விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, பாலிமர் கலவையால் நிரப்பி, மூலையை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். மேல்பூச்சின் இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணாடியிழை வலை வைத்து, சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்ற வேண்டும். சுவரின் மேல்பரப்பையும் விட்டுவிடாதீர்கள், பலரும் மறக்கும் இடம் அது.

மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் வாட்டம் போதவில்லை என்று பொருள். ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும். குட்டையில் ஊறும் பூச்சு எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் சீக்கிரம் உரியும். ஈரத் தளத்தில் அடித்தாலும் அதே கதிதான். உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும்.

உட்கூரையில் துருக்கறை படிந்து காரை பெயர்ந்தால் மட்டும் பெயின்டரை அழைக்காதீர்கள், கட்டடப் பொறியாளரை அழையுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும்.

இனி ஷெட். காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கத்தான் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஓரங்களும் மூலைகளும்தான் அதிகம் வாங்கும் என்பதால் ஸ்க்ரூவை அங்கே நெருக்கமாகப் போட வேண்டும். துளை பெருத்த இடத்தில் தடித்த ஸ்க்ரூவும் புது ரப்பர் வாஷரும் மாற்றுங்கள். வாஷர் பிதுங்கும்வரை முடுக்கினால் அதுவே வெடித்து ஒழுகும். பாரத்துக்கென்று தகரத்தின் மேல் செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், புயலில் அது பறந்துவந்து யார் தலையிலாவது விழும்.

முதலில் ஷெட்டை ஆடாமல் நிறுத்துங்கள். பிறகு கால்களைச் சுற்றி அடையுங்கள். மூலைகளையும் வாட்டத்தையும் சரிசெய்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் வாங்கினால் போதும்.