வாசகர் கேள்வி – பதில்: பாடசாலைச் சந்தையில் பிள்ளை எதைக் கற்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைப் பற்றியவை. பாடசாலையில் மாணவர்கள் தாமே ஒரு பொருளை வடிவமைத்து, செய்து, விற்பதால் என்ன பயன் என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். அடுத்த தவணையில் அவளுடைய பாடசாலையின் வணிகக் கழகம் ஒரு விற்பனைச் சந்தை நடத்துகிறது. அவளும் ஐந்து தோழிகளும் வெட்டுத்துண்டுத் துணியில் பென்சில் பைகள் தைத்து விற்கப்போகிறார்களாம். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு இது தேவைதானா என்று அவளுடைய அப்பா கேட்கிறார். எனக்குத் தையல் தெரியும். நானே தைத்துக் கொடுத்தால் அவளுக்கு நேரம் மிஞ்சும் என்றும் யோசிக்கிறேன். உண்மையில் இதனால் அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இலவசமாகத் தைத்துக் கொடுக்காதீர்கள். தைப்பதென்றால் கூலி வாங்குங்கள். தாய் மகளிடம் கூலி கேட்பதா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் அந்தக் கூலியை விட்டுவிட்டால் பிள்ளையின் கணக்கு முழுவதுமே பிழைத்துப்போகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பைக்குத் துணி 60 ரூபா, ஸிப் 40 ரூபா, உள்துணியும் நூலும் 30 ரூபா, தையற்கூலி 70 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையின் கிரயம் 200 ரூபா. மேசைக் கட்டணம், போக்குவரத்து, விளம்பர அட்டை ஆகியவற்றுக்கு, எத்தனை பை விற்றாலும் மாறாத செலவாக 3,000 ரூபா போகிறது. பையை 300 ரூபாவுக்கு விற்றால் ஒன்றில் 100 ரூபா மிஞ்சும். 30 பைகள் விற்றவுடன் அந்த 3,000 ரூபா திரும்பிவிடும். பக்கத்து மேசையில் மலிவாக விற்கிறார்கள் என்று பயந்து இவர்கள் விலையை 250 ரூபாவாகக் குறைத்தால் ஒன்றில் 50 ரூபாதான் மிஞ்சும். அப்போது 60 பைகள் விற்க வேண்டும். குறைத்தது ஆறில் ஒரு பங்கு விலைதான் என்றாலும் விற்கவேண்டிய பைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் மனதில் நிற்காது. சந்தை நாளன்று பதினொரு மணிக்கு மேசையில் 40 பைகள் குவிந்து கிடக்க, விலையைக் குறைப்பதா வேண்டாமா என்று ஆறு பிள்ளைகளும் தங்களுக்குள் வாதிடும்போது தானாகப் பதிந்துவிடும்.

உங்கள் 70 ரூபாவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் பாருங்கள். கடதாசியில் கிரயம் 130 ரூபாவாகக் குறைந்து, 250 ரூபாவுக்கு விற்றாலும் 25 பைகளிலேயே செலவு திரும்பிவிட்டதாகத் தோன்றும். பிள்ளைகள் கைதட்டி மகிழ்வார்கள். அந்த இலாபம் உங்களுடைய உறங்காத இரவுகள் என்பது ஒருவருக்கும் தெரியாது. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடும் பழக்கம் நம் கடைகளிலும் வீடுகளிலும் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது. அதைப் பாடசாலைச் சந்தையிலும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை.

அடுத்தது துணி வாங்குவது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் பிள்ளைகளோடு நீங்களும் போங்கள். ஆனால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகள் பலர் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்து நல்ல புள்ளியும் எடுக்கிறார்கள். கடைக்காரரின் முன்னால் நின்று ‘கீயத?’ என்று விலை கேட்கும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூன்று கடைகளில் விலை கேட்டு, அளவையும் நிறத்தையும் ஒப்பிட்டு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஒரு முற்பகலில் கிடைக்கும் மொழிப்பயிற்சி வகுப்பறையில் கிடைக்காது. இது கொழும்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தனி வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

வடிவமைப்பைப் பற்றிப் பலர் அதிகம் யோசிப்பதில்லை. அழகான துணியைத் தெரிவுசெய்வதோடு வடிவமைப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதலில் மூன்று மாதிரிப் பைகள் மட்டும் தைக்கச் சொல்லுங்கள். அவற்றை வேறு வகுப்பு மாணவிகள் மூவரிடம் ஒரு வாரம் பாவிக்கக் கொடுக்க வேண்டும். கணிதக் கருவிப் பெட்டி உள்ளே போகவில்லை, ஸிப் மூலையில் இறுகுகிறது, வெளிர்நிறத் துணியில் மை பட்டால் போகவில்லை என்று குறைகள் வரும். தோழிகள் ‘வடிவாயிருக்கு’ என்று சொன்னதை ஒதுக்கிவிட்டு இந்தக் குறைகளைக் குறித்துக்கொண்டு, மாதிரியை மாற்றி இரண்டாம் முறை தைக்கும்போதுதான் பிள்ளை வடிவமைப்பாளராகிறாள். தான் ஆசைப்பட்டுச் செய்த ஒன்றை அடுத்தவர் குறை சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்கும் பழக்கமும் அத்தோடு வரும். பெரியவர்களான நம்மில் பலருக்கு அது இன்னும் வரவில்லை என்பது வேறு கதை.

விலை ஒருமுறை எழுதியதும் நிலைத்துவிடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. பழைய விலையில் வாங்கிய பொருளைப் பழைய விலைக்கே விற்று, அந்தப் பணத்தோடு மறுபடி கொள்முதலுக்குப் போன சிறுகடைக்காரர்கள் பாதிப் பொருளோடு திரும்பிய காலம் அது. அடுத்த தொகுதிக்குத் துணி வாங்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டு விலை போடப் பழகுவது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியம்.

மகளின் அப்பாவுடைய கவலை நியாயமானதே. இந்தச் சந்தையால் கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ புள்ளி கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். சாதாரண தரத்தில் ‘வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்’ அல்லது ‘தொழில்முயற்சியாண்மைக் கல்வி’ எடுத்திருந்தால் கிரயம், காசேடு, இலாபம் என்ற சொற்கள் அவளுக்கு உயிர்பெறும், அவ்வளவுதான். நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். வாரத்தில் ஒரு பிற்பகல், அதுவும் ஆறு வாரங்களுக்கு என்றால் ஒரு பரீட்சையும் கெட்டுப்போகாது. தரம் 11இன் கடைசித் தவணையில் என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கேள்வி: நாங்கள் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்கள் ஆறு பேர். தைப்பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகள் வடிவமைத்து, அச்சிட்டு, பாடசாலையில் விற்றோம். ஆளுக்கு 1,000 ரூபா போட்டோம். போதாமல் போனதால் ஒரு நண்பர் மேலதிகமாக 2,000 ரூபா தந்தார். 8,000 ரூபா செலவில் 120 அட்டைகள் அச்சிட்டு, ஒன்றை 80 ரூபாவுக்கு விற்றோம். 75தான் போனது, 45 அட்டைகள் மீந்துவிட்டன. இப்போது கையில் 6,000 ரூபா இருக்கிறது. நண்பர் தன் 2,000 ரூபாவை முதலில் கேட்கிறார். படம் வரைந்தவர் தன் உழைப்புக்கும் பங்கு வேண்டும் என்கிறார். எப்படிப் பிரிப்பது?
– மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: தம்பி, நீங்கள் கணக்கீட்டுப் பாடத்தில் படிக்கும் விடயம்தான் இது. இலங்கையில் பங்குடைமைக்கு 1890ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டமே அடிப்படை. பங்காளர்களுக்கிடையே வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமமாகப் பகிரப்படும். மூலதனத்துக்கு வட்டி இல்லை. பங்காளருக்குச் சம்பளம் இல்லை. மூலதனத்துக்கு மேலாக ஒருவர் கொடுத்த பணத்துக்கு வருடத்துக்கு 5 சதவீத வட்டி உண்டு. உங்கள் குழுவைச் சட்டப்படி பங்குடைமை என்று அழைக்கலாமா என்ற வாதத்தை விட்டுவிடுவோம். விதி நியாயமானது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன்படி நண்பரின் 2,000 ரூபா கடன்; முதலில் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அவர் கேட்பது சரி. இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 17 ரூபாவுக்கும் குறைவு. அதில் ஒரு வெறுந்தேநீர்கூட வராது என்பதால் அவர் பெருந்தன்மையாக விட்டுவிடலாம். மிச்சம் 4,000 ரூபாவை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 667 ரூபா. ஒவ்வொருவரின் நட்டமும் 333 ரூபா. படம் வரைந்த நண்பருக்கு, முன்கூட்டி எழுதிக்கொள்ளாததால், இம்முறை எதுவும் இல்லை. அது அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அடுத்த முறை தொடங்கும்போதே ஒரு தாளில், யார் என்ன செய்வார்கள், வடிவமைப்புக்கு ஒரு படத்துக்கு எவ்வளவு, மீந்தால் யார் பொறுப்பு என்று எழுதி ஆறு பேரும் கையொப்பமிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க வேண்டுமானால் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பிழை எங்கே என்று கேட்டால், விலையில் என்பேன். ஓர் அட்டையின் கிரயம் ஏறத்தாழ 67 ரூபா. 80 ரூபாவுக்கு விற்றதால், போட்ட பணம் திரும்பவே 100 அட்டைகள் போக வேண்டியிருந்தது. ஆறில் ஐந்து பங்கு விற்றால்தான் கைமுதல் வரும் என்ற நிலையில், ஒரே நாளோடு பெறுமதி போய்விடும் பொருளை அச்சிட்டிருக்கிறீர்கள். 30 அட்டைகளுக்கு முன்கூட்டியே பெயரும் பணமும் வாங்கியிருந்தால் தேவை எவ்வளவு என்று ஓரளவு தெரிந்திருக்கும். மீந்த 45 அட்டைகளின் உட்பக்கம் வெறுமையாக இருந்தால் முன்பக்கத்துப் பொங்கல் வாசகத்தை ஒரு வண்ணத்தாளால் மறைத்து, ஆசிரியர் தினத்துக்கு நன்றி அட்டையாக விற்கப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் சந்தை முடிந்ததும் அதிகம் விற்ற குழுவுக்குப் பரிசு கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் உறவினர் கூட்டம் பெரிதாக உள்ள பிள்ளையின் குழுவே வெல்கிறது. ஒரு குழுவில் ஒருவர் உழைக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதும் உண்டு. மாணவர் பெற்ற திறனை எப்படி மதிப்பிடுவது?
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தப் பரிசை நிறுத்துவதே முதல் வேலை, ஆசிரியை அவர்களே. ஆரம்பப் பிரிவுச் சிறுவர் சந்தையில் அம்மா சுட்ட வடையையும் கட்லட்டையும் மாமாவும் சித்தியும் வாங்கிப்போவது பிழையில்லை; அங்கே சில்லறை எண்ணவும் நாலு பேரோடு பேசவும் பழகினால் போதும். தரம் 9க்கு மேலே அதே முறை தொடர்ந்தால் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காத இடத்தில் திறன் வளர வழியில்லை.

இவ்வகைப் பயிற்சியின் பயன் குறித்து நெதர்லாந்தில் செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகளை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 2010இல் வெளியான ஆய்வு, தொழிற்கல்லூரி மாணவர்கள் சிறு கம்பனி அமைத்து நடத்தும் ‘ஜூனியர் அச்சீவ்மென்ட்’ திட்டத்தைப் பரிசோதித்தது. 1919இல் அமெரிக்காவில் தோன்றிய இந்த இயக்கத்தின் கம்பனித் திட்டத்தில் மாணவர்கள் பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் செய்து விற்று, முடிவில் கணக்கை மூடிப் பங்கிலாபம் கொடுப்பார்கள். ஆய்வின் முடிவு ஆர்வலர்களை ஏமாற்றியது. மாணவர்கள் தம்மைத்தாமே மதிப்பிட்டபோது திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகத் தெரியவில்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. 2014இல் வெளியான மற்ற ஆய்வு, 11, 12 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அங்கே வணிக அறிவு கூடவில்லை. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, புதிதாக யோசித்தல் போன்றவை கூடியிருந்தன. தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்ததை நான் தோல்வியாகக் கருதவில்லை. வியாபாரம் எவ்வளவு சிரமமானது என்று கைச்சூடு பட்டுத் தெரிந்துகொண்ட பதினெட்டு வயதுப் பிள்ளை, கடன் வாங்கிக் கடை திறக்கும் முன் இரண்டு முறை யோசிப்பான்.

ஆகவே விற்பனைத் தொகையை அளக்காமல் பிள்ளைகள் எடுக்கும் தீர்மானங்களை அளவிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். ஏன் இந்த விலை, ஏன் இந்த அளவு, வாங்காமல் போனவர் என்ன சொன்னார், அதன் பிறகு எதை மாற்றினோம் என்று திகதியிட்டு எழுதட்டும். சந்தைக்குப் பிறகு குழுவில் யாரையாவது ஒருவரை நீங்களே தெரிவுசெய்து, ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். யார் அழைக்கப்படுவார் என்று தெரியாவிட்டால் வேடிக்கை பார்ப்பவர்களும் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். விற்பவர், கொள்முதல் செய்பவர், காசேடு எழுதுபவர் என்ற பொறுப்புகளை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை மட்டும் முதல் வாரமே மேசைக்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள். பேசத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இரண்டு முறை நிற்கவிட்டால் மூன்றாம் முறை அந்தப் பிள்ளை தானாகவே பேசும். உறவினரின் கொள்முதலைக் கட்டுப்படுத்த விரும்பினால், அவர்களுக்கு விற்றதைக் கணக்கில் தனி நிரலில் எழுதச் சொல்லுங்கள். தடை விதிக்கத் தேவையில்லை; அந்த நிரலைப் பார்த்துப் பிள்ளைகளே வெட்கப்படுவார்கள்.

கேள்வி: நான் தரம் 8 மாணவி. வீட்டில் நானே தேங்காய் டொபி செய்வேன். இடைவேளையில் வகுப்பில் விற்கலாமா?
– மாணவி, தெமட்டகொடை

பதில்: மகளே, அதிபரின் அனுமதி இல்லாமல் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உணவுப் பொருள் என்பதால் மறுக்கவும் கூடும். அனுமதி கிடைத்தால், ஒவ்வொரு பொதியிலும் என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் திகதியில் செய்தீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். கச்சான் சேர்த்தால் அதைப் பெரிய எழுத்தில் குறிப்பிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒவ்வாது. கொழும்பின் ஈரக்காற்றில் டொபி சீக்கிரம் இளகிவிடும். அதனால் முதல் முறை 20 துண்டுகளுக்கு மேல் செய்யாதீர்கள். தேங்காய், சீனி, அடுப்புக்கான எரிவாயு எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் விலை கேட்டு எழுதிவைத்த பிறகே விலை சொல்லுங்கள்.