இரண்டே முக்கால் மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்வது டாக்டர்?

கேள்வி: எனக்கு 64 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. இரவு எட்டரை மணிக்கெல்லாம் கண் சொக்கிவிடும், படுத்ததும் தூங்கிவிடுவேன். ஆனால் இரண்டே முக்காலுக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, எழுந்து விளக்கைப் போட்டுக் காபி கலந்து குடித்து வேலையைத் தொடங்கிவிடுகிறேன். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூக்கம். என் நாத்தனார் தான் சாப்பிடும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியைத் தினமும் தருகிறார். முதலில் கேட்டது, இப்போது கேட்பதில்லை. கணவர் சென்ற ஆவணியில் காலமான பிறகுதான் இந்தத் தொல்லை அதிகமாயிற்று. முழு மாத்திரையாகச் சாப்பிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அது. இந்த வயதில் அல்பிரசோலம் தள்ளாட்டத்தையும் மறதியையும் கொண்டுவரும். இரவில் பாத்ரூம் போக எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்த தாய்மார்களை வார்டில் பார்த்தவன் நான். கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான். அதற்காக இன்றே நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. தொடர்ந்து சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும். ஒரு டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எட்டரையிலிருந்து இரண்டே முக்கால் வரை ஆறேகால் மணி நேரம். மதியம் ஒரு மணி நேரம். ஆக, நாளுக்கு ஏழேகால் மணி நேரம் தூங்குகிறீர்கள். உங்கள் வயதுக்கு இது போதும். தூங்கும் நேரம்தான் முன்னே போய்விட்டது. வயது ஏற ஏற உடலின் கடிகாரம் இப்படி நகர்வது இயல்பு. ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருவது லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும். சின்னச் சத்தம்கூட எழுப்பிவிடும். விடிவதற்கு முன் கண்ணில் படும் பளிச்சென்ற வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை மேலும் முன்னே தள்ளும். நீங்கள் போடும் விளக்கு அந்த வேலையைத்தான் செய்கிறது.

மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கும். எனவே ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்குள் உட்காராதீர்கள். உங்கள் ஊரில் ஹரித்ரா நதிக் கரை இருக்கிறதே, வெயில் சாயும் நேரத்தில் அங்கே நடந்துவிட்டு வாருங்கள். படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் தள்ளிக்கொண்டே வந்து பத்தரையில் நிறுத்துங்கள். எட்டரைக்குக் கண் சொக்கினால் சாய்ந்து உட்காராமல் எழுந்து ஏதாவது கைவேலை பாருங்கள். மதியத் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எப்போது தூங்கினாலும் எழுவது ஐந்தரைக்குத்தான், காபியும் அப்போதுதான்.

நடுவில் விழித்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் அடுத்த அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் கனத்தபின் திரும்பி வந்து படுங்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை இது. இன்றைக்கும் மாத்திரைக்கு முன்பாக நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதையும் இதை ஒட்டிய பயிற்சிகளையும்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் பகலில் சோர்வாக இருக்கும், பயப்படாதீர்கள்.

கணவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. விடியற்காலை விழிப்பு மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. காலையில் மனம் பாரமாக இருந்து மாலையில் சற்றுத் தேவலையாகிறதா? சாப்பாடு இறங்கவில்லையா? உடம்பு இளைத்திருக்கிறதா? முன்பு பிடித்தவை எல்லாம் எதற்கு என்று தோன்றுகிறதா? இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நான் சொன்ன பயிற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். துக்கம் இயல்புதானே என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது; அது தெளிந்தால் தூக்கமும் சீராகும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.