அந்த ஒரு வாரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ரிக்‌ஷா நாவலைப் படமாக்கக் கேட்கிறார்கள் என்று அறிந்தேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வடசென்னை என்றால் சினிமாவுக்குக் கத்தியும் கஞ்சாவும்தான். தாத்தா கையிலும் ஒரு கத்தியைத் திணித்துவிடுவார்கள்.

ர., தண்டையார்பேட்டை

அன்புள்ள ர.,

அந்தக் கத்தியைப் பற்றி எனக்கும் பயம் இருந்தது. முதலில் வந்தவர்கள், "தாத்தாவுக்கு ஒரு ஃபைட் வெச்சுக்கலாமா சார்?" என்றே கேட்டார்கள். ஒப்பந்தத்தில் 'என்றென்றைக்கும்' என்ற சொல் வேறு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். (காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடம்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். எழுதுகிற தம்பிகள் இந்தச் சொல்லைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள்.) உரிமையைக் கொடுத்த பிறகு கதையைச் சிதைத்தாலும் கேட்க வழி உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலுக்காக வழக்குப் போட்டார். படைப்பைச் சிதைத்தால் எழுத்தாளர் தட்டிக்கேட்க இடம் தரும், அந்தச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை விற்றவருக்கும் பொருந்தும் என்று 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

இப்போது கேட்பவர் வேறு மாதிரி. நாவலைப் படித்துவிட்டு வந்தவர். கல்மண்டபம் பக்கம் நடந்துகொண்டே ஒன்று கேட்டார்.

1973இல் கலைஞர் ஆட்சி கைரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது அல்லவா? நாவலில் தாத்தாவுக்கும் ஒன்று வருகிறது. இருபது வருடம் வண்டி வலித்தவருக்கு மிதிக்கத் தெரியாது. 'ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்' என்று எழுதித் தாண்டிவிட்டேன்.

"அந்த ஒரு வாரம் சீட்ல யார் சார் உக்காந்தாங்க?"

எனக்குத் தெரியும். என் அப்பா. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. தெரு அடங்கிய பிறகு, யாரும் பார்த்துவிடாதபடி, தாத்தா அவரை ஏற்றிக்கொண்டு போவார். மூன்றாம் நாள் திருப்பத் தெரியாமல் சுவரில் மோதினார். அப்பா சிரித்துவிட்டார். தாத்தா இறங்கி வந்து அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பிள்ளையைத் தொட்டதில்லையாம்.

கத்தி வைக்கிறவரைத் துரத்திவிடலாம், ர. நான் மறைத்த இடத்தில் சரியாக வந்து நிற்கிறவரை என்ன செய்வது? இரண்டு வாரமாக அவர் போனை நான் எடுக்கவில்லை.

போன ஞாயிறு அப்பாவிடமே கேட்டேன், அதைப் படத்தில் காட்டலாமா என்று. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வண்டி இப்போ எங்கடா கெடைக்கும் இவங்களுக்கு?" என்றார்.

கையெழுத்து இன்னும் போடவில்லை.