துரோப்பீமுவுக்கு யாரும் மைக் குடுக்கல

அக்காவுக்கு வணக்கம். என் பேர் போட வேண்டாம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில வேலை பாக்கறேன். அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ், பிரைவேட்ல தான் பாக்கறோம். சபைல இருந்து வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினாங்க. போகும்போது பாஸ்டர் அம்மா என்ன தனியா கூப்டு, "வீட்ல அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கு, இல்லன்னா இவ்ளோ ஜெபிச்சும் ஏன் சுகமாகல"ன்னு கேட்டாங்க. அதுலருந்து நான் சபைக்குப் போறதில்ல. டிவில வர்ற ஒரு ஊழியக்காரருக்கு விசுவாசத்துல விதைக்கறேன்னு 25,000 ரூபா அனுப்பினேன், ஒண்ணும் நடக்கல. பைபிள்ல விசுவாசத்தப் பத்திச் சொல்ற எபிரெயர் 11ஆம் அதிகாரத்தத் திரும்பத் திரும்ப வாசிக்கறேன், விசுவாசம் வர்றதுக்குப் பதிலா கோவம்தான் வருது. ஆண்டவர் மேல கோவப்படறது பாவமா? வேற சபைக்கு மாறலாமா? மாறினா எந்த மாதிரி சபைக்குப் போறது? முன்னாடி மாதிரி காலைல எழுந்து ஜெபிக்கவும் முடியல, இதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

—

தம்பி,

காலைல எழுந்து ஜெபிக்க முடியலங்கறத விடுங்க. கம்பெனில வேலை பாத்துட்டு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற ஆளு தூங்குறதே பெரிய விஷயம், அதுக்கெல்லாம் ஆண்டவர் கணக்கு வெக்க மாட்டார். பாஸ்டர் அம்மா சொன்னதுக்கும் நான் ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டியதில்ல, யோவான் 9ல பிறவிக் குருடன காட்டி யார் செஞ்ச பாவம், இவனா இவன் அப்பா அம்மாவான்னு சீஷர்கள் இதே கேள்வியத்தான் கேட்டாங்க, ரெண்டு பேரும் இல்லன்னு இயேசுவே சொல்லிட்டார். அந்த அம்மா பைபிள்லயும் அந்த அதிகாரம் இருக்கும், போய் வாசிக்கச் சொல்லுங்க.

ஆனா அந்த 25,000. ஏன்டா தம்பி? டயாலிசிஸ்க்கு போய்ட்டு வர ஆட்டோக்கே எவ்ளோ ஆகுதுன்னு உனக்குத் தெரியும், அந்தக் காச யாரோ ஒருத்தர் பேங்க் அக்கவுண்ட்ல போட்டுட்டு அறுவடை வரும்னு உக்காந்திருந்தியா, ஆண்டவர் என்ன சீட்டுக் கம்பெனியா மாசம் கட்டினா முடிவுல ஏலம் எடுக்கறதுக்கு? உங்க அம்மாகிட்ட சொல்லிட்டா அனுப்பின? சொல்லிருக்க மாட்ட. (கோவத்துல நீன்னு வந்துருச்சு, இருக்கட்டும், உன்ன விட வயசுல மூத்தவதான்.) கஷ்டத்துல இருக்கறவன் பயத்துல காசு எடுக்கறது திருட்டு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா இனிமே ஒரு ரூபா அனுப்பினேன்னு தெரிஞ்சா எனக்கு மெயில் போடாத.

சரி. உன் லெட்டர் வந்த நேரம் நான் வேற ஒரு ஆளப் பத்தி யோசிச்சிட்டு இருந்தேன், துரோப்பீமு. யார்னே நிறைய பேருக்குத் தெரியாது, சண்டே ஸ்கூல்ல சொல்லித் தர மாட்டாங்க. பைபிள்ல அப்போஸ்தலன் பவுல் தன் சிஷ்யன் தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாவது லெட்டர்ல கடைசி அதிகாரம், குளிருக்கு என் அங்கிய எடுத்துட்டு வா, புஸ்தகங்கள எடுத்துட்டு வா, அவன் அங்க போய்ட்டான் இவன் இங்க இருக்கான்னு வீட்டு லெட்டர் மாதிரி எழுதிட்டுப் போற இடத்துல ஒரே ஒரு வரி வரும், துரோப்பீமுவ மிலேத்துல வியாதிக்காரனா விட்டுட்டு வந்தேன்னு. அவ்ளோதான். ஏன் சுகமாகல, என்ன வியாதி, அப்புறம் என்ன ஆச்சு, ஒண்ணும் கிடையாது.

இதுல என்ன இருக்குன்னு கேப்ப. இந்த துரோப்பீமு எபேசு ஊர்க்காரன், அப்போஸ்தலர் 21ல இருக்கு. அதே எபேசுல தான் பவுல் உடம்புல பட்ட உறுமாலையும் கச்சையையும் கொண்டு போய் நோயாளிங்க மேல போட்டா வியாதி போச்சுன்னு 19ஆம் அதிகாரம் சொல்லுது. அதாவது இவன் ஊர்ல துணி பட்டே ஜனங்களுக்கு சுகமாச்சு, பவுல் கூடவே ஊர் ஊரா அலைஞ்சு எருசலேம் வரைக்கும் போனவனுக்கு சுகமாகல. பவுலுக்கு ஜெபிக்கத் தெரியாதா? ஜெபிச்சிருப்பார்னு தான் நான் நம்பறேன். அவருக்கே மாம்சத்துல ஒரு முள்ளு இருந்துச்சு, எடுத்துடுங்கன்னு மூணு தடவ கேட்டார், கிருபை போதும்னு பதில் வந்துச்சு, முள்ளு போகல. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயித்துக் கோளாறு, அவனுக்கு என்ன எழுதினார்? உன் விசுவாசத்துல குறை இருக்குன்னா? தண்ணி மட்டும் குடிக்காத, கொஞ்சம் திராட்சரசமும் எடுத்துக்கோன்னு. பவுல் கூட ஊழியம் செஞ்ச எப்பாப்பிரோதீத்து சாவு வரைக்கும் போய்ட்டு பொழச்சான், அத எழுதும்போது கூட ஆண்டவர் அவனுக்கு இரங்கினார், எனக்கும் இரங்கினார், இல்லன்னா துக்கத்து மேல துக்கம் ஆயிருக்கும்னு தான் எழுதறார், பாத்தியா என் ஜெபத்தன்னு எழுதல.

நம்ம சபைகள்ல துரோப்பீமுவுக்கு இடமே இல்ல தம்பி, இது தான் எனக்கு வருஷக்கணக்கா உள்ள எரிச்சல். சாட்சி நேரம்னு ஒண்ணு வெப்பாங்க, கட்டி கரைஞ்சவங்க வருவாங்க, விசா கிடைச்சவங்க வருவாங்க, பத்து வருஷம் கழிச்சுக் குழந்தை பிறந்தவங்க வருவாங்க, நல்லது, சந்தோஷம், நானும் கை தட்டுவேன். கட்டி கரையாதவங்க எங்க? அதே பெஞ்ச்ல தான் உக்காந்திருக்காங்க, அவங்க கிட்ட மைக் போகாது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, எல்லாம் பெருகும், உயரும், வலது பக்கம் இடது பக்கம் விரியும். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு சங்கீதம் 13ல இருக்கறது எந்த அட்டைலயாவது வந்திருக்கா?

எங்க பெரியம்மா நாகர்கோவில் பக்கம். சரவாங்கி, அதான் மூட்டுவாதம், கை விரல் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு போய் டம்ளரக் கூட ரெண்டு உள்ளங்கையாலயும் அமுக்கித் தான் பிடிப்பாங்க. சுகமளிக்கும் கூட்டம்னு எங்க போஸ்டர் ஒட்டினாலும் அண்ணன்மார் கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு கூட்டத்துல வாலண்டியர் பையன் ஒருத்தன், "விசுவாசத்தோட வாக்கரத் தள்ளிப் போடுங்க ஆச்சி"ன்னு சொல்லியிருக்கான், இவங்க, "நான் விழுந்தா நீ தூக்குவியா மக்ளே"ன்னு கேட்டுட்டு வாக்கரோடயே வந்துட்டாங்க. அப்படிப்பட்ட ஆளு ஒரு ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல மைக் கேட்டாங்க. எல்லாரும் சுகமாயிடுச்சு போலன்னு திரும்பிப் பாக்கறோம். "எனக்கு இன்னும் சொகமாகல்ல. நேத்து ராத்திரி பூரா வலி. ஆண்டவர்ட்ட நல்லா சண்டை போட்டேன். இன்னைக்கும் வந்திருக்கேன். ஸ்தோத்திரம்." இவ்ளோதான் சொன்னாங்க. ஒருத்தரும் அல்லேலூயா சொல்லல, முன்னாடி நின்னவர் மைக்க வாங்கிட்டு டக்குனு பாட்டுக்குப் போயிட்டார். நான் கேட்ட சாட்சிலயே அதுதான் சாட்சி, அதுக்கப்புறம் எத்தனையோ பெரிய பிரசங்கியார் பேசிக் கேட்டிருக்கேன், ஒண்ணும் மனசுல நிக்கல.

திருநெல்வேலிப் பக்கம் தோனாவூர் போயிருக்கியா? அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல களக்காட்டுல ஒரு குழில விழுந்து கால் ஒடைஞ்சு, அதுக்கப்புறம் 1951ல சாகற வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரூம்ல, கட்டில்ல. விசுவாசம் இல்லாதவங்களா அவங்க? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளைங்கள எல்லாம் காப்பாத்திக் கொண்டு வந்து வளத்த கை அது, எத்தனை பேர் அவங்க சுகத்துக்காக ஜெபிச்சிருப்பாங்க. கட்டில்ல படுத்துட்டே புத்தகம் புத்தகமா எழுதினாங்க. கல்லறைல கல்லு கூட வெக்கக் கூடாதுன்னுட்டாங்க, பிள்ளைங்க மனசு கேக்காம பறவைங்க தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்ண வெச்சு அதுல "அம்மா"ன்னு மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. இவங்க வீட்லயும் அறிக்கை பண்ணாத பாவம் இருந்துச்சுன்னு உங்க பாஸ்டர் அம்மா சொல்லுவாங்களா?

நீ வாசிக்கற எபிரெயர் 11ஐயும் முழுசா வாசி. நீ 34ஆம் வசனத்தோட நிறுத்தறன்னு எனக்குத் தெரியும், எல்லா பிரசங்கமும் அங்கதான் நிக்கும், சிங்கத்தோட வாய அடைச்சாங்க, நெருப்ப அவிச்சாங்க. 35 பாதில திரும்புது பாரு, வேற சிலர் அடி வாங்கினாங்க, கல்லெறி பட்டாங்க, வாளால அறுக்கப்பட்டாங்க, ஆட்டுத்தோலப் போத்திட்டு குகைல அலைஞ்சாங்க. 39ல இவங்க எல்லாரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணினத அடையலன்னு எழுதியிருக்கு. சிங்கத்து வாய அடைச்சவனும் அறுபட்டவனும் ஒரே லிஸ்ட், ஒரே விசுவாசம். மார்க் கம்மி வாங்கினவன்னு யாரையும் தனியா எழுதி வெக்கல.

கோவம் பாவமான்னு கேட்ட. பைபிள்ல எல்லாத்தையும் இழந்த யோபு பேசினதுல பாதிக்கு மேல கோவம் தான், கடைசில அவன் பேசினது தான் சரி, சமாதானம் சொல்ல வந்த நீங்க பேசினது சரியில்லன்னு ஆண்டவர் அவன் சிநேகிதர்களப் பாத்து 42ஆம் அதிகாரத்துல சொல்றார். அந்த சிநேகிதர்கள் கூட முதல் ஏழு நாள் தரைல உக்காந்து ஒரு வார்த்தை பேசாம தான் இருந்தாங்க, வாயத் திறந்ததுக்கப்புறம் தான் கெட்டுது. 2017ல ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைன்னு கடலுக்குப் போனவங்க திரும்பி வரல, அந்தக் கரை ஜனங்க சர்ச்ல ஜெபமாலையும் சொன்னாங்க, குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துலயும் உக்காந்தாங்க, ஃபாதர்மாரும் கூடவே உக்காந்தாங்க. ஜெபிக்கறவன் கோவப்படக் கூடாதுன்னு யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல.

இன்னொண்ணு, டயாலிசிஸ் ஏன் பிரைவேட்ல பாக்கற? ஜிஹெச்ல இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் வரும், பிரைவேட்லயே சில ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்துல இருக்கு. விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுண்டருக்குப் போ, அம்மாவையும் கூட்டிட்டுப் போ, போட்டோ எடுப்பாங்க. இந்த வாரமே போ. காப்பீட்டு அட்டை எடுத்துட்டு எனக்கு எழுது.

எந்த சபைன்னு கேட்டல்ல, மறந்தே போச்சு. மாடில இருக்கற சபை வேண்டாம், அம்மாவால படி ஏற முடியாது. மத்தபடி உன் இஷ்டம்.

அன்புடன்,
அக்கா